அலைனர் போடும்போது பல்லுல ஒட்டுற அட்டாச்மென்ட்: எது எதுக்கு, எப்படி பாத்துக்கறது

கிளிப் வேணாம், வெளிய தெரியாம பல்லை சரி பண்ணிக்கணும்னு அலைனருக்குப் (கழட்டி மாட்டற பிளாஸ்டிக் உறை) பணம் கட்டிட்டு வர்றவங்ககிட்ட, பல்லு மேல குட்டி குட்டியா மேடு, அதாவது அட்டாச்மென்ட், ஒட்டப் போறோம்னு சொன்னா முகம் வாடிடும். இது இல்லாம பண்ண முடியாதா டாக்டர்னுதான் முதல் கேள்வி வரும். லேசான நெருக்கடி, லேசான இடைவெளின்னா சில நேரம் முடியும். கோரைப்பல் திரும்பியிருக்கு, ஒரு பல் மேல ஏறி நிக்குது, பல் எடுத்துட்டு இடத்தை மூடணும்னா முடியாது, முடியும்னு யாராவது சொன்னா அந்தப் பிளானை ரெண்டு தடவை பாருங்க. உங்க வாய்ல ஒட்டியிருக்கற ஒவ்வொரு மேடும் எந்த வேலைக்கு ஒட்டினதுன்னு தெரிஞ்சா, எது விழுந்தா பதறணும், எதுக்கு ரெண்டு நாள் பொறுக்கலாம், கண்ணாடில எந்தப் பல்லை தினம் பாக்கணும்னு உங்களுக்கே புரிஞ்சுடும், அதுக்குத்தான் இத எழுதறேன்.

முதல்ல அலைனரால என்ன முடியாதுன்னு பாப்போம்

அலைனர்ங்கறது முக்கால் மில்லிமீட்டர் கனத்துல இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டை சூடு பண்ணி பல் மாடல் மேல அழுத்தி எடுத்தது, அவ்ளோதான். அந்த மாடல்ல பல்லு இப்ப இருக்கற இடத்துல இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும், ஒண்ணு மாத்தி ஒண்ணா வரிசையா போடற அலைனர்ல ஒரு செட்டுக்கு கால் மில்லிமீட்டர், திருப்பறதுன்னா சுமார் 2 டிகிரி. பல்லோட வேருக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கற நார் இருக்கே, அதோட அகலமே கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர்தான், அதனால ஒரே செட்ல அதுக்கு மேல தள்ளுனா பல்லு நகராது, அலைனர்தான் சரியா உக்காராம தூக்கிக்கும்.

இப்ப விஷயம் என்னன்னா பிளாஸ்டிக்கால தள்ள மட்டும்தான் முடியும், பிடிச்சு இழுக்க முடியாது. கிளிப்ல பல்லு மேல ஒரு பிராக்கெட் ஒட்டி அதுல கம்பிய கட்டிடறாங்க, அதனால கம்பி எந்தப் பக்கம் போனாலும் பல்லு கூடவே போயாகணும். அலைனர்ல அந்தக் கட்டு இல்ல. பல்லோட மேற்பரப்பு அலைனர் எந்தப் பக்கம் தள்ளுதோ அதுக்கு நேரா எதிர்த்து நின்னாத்தான் பல்லு நகரும், வழவழன்னு சரிஞ்சு இருந்தா பிளாஸ்டிக் வழுக்கிடும்.

இன்னொண்ணும் இருக்கு. நாம தள்ளறது வெளிய தெரியற பல்லை, ஆனா பல்லு நட்டு நிக்கறது எலும்புக்குள்ள. அதோட எதிர்ப்பு மையம், அதாவது எந்த இடத்துல தள்ளுனா பல்லு சாயாம நேரா நகருமோ அந்தப் புள்ளி, வேர்ப்பகுதில இருக்கு. மேல ஒரு இடத்துல மட்டும் தள்ளுனா பல்லு அப்படியே நேரா போகாது, சாயும். உச்சி முன்னாடி போகும், வேர் நுனி அங்கயே நிக்கும், சில நேரம் எதிர்ப்பக்கம் கூட போகும். சாய்க்கறது அலைனருக்கு ரொம்ப சுலபம். வேரோட சேத்து நகத்தறது, வேரை மட்டும் நிமித்தறது, உருண்டைப் பல்லைத் திருப்பறது, பல்லைக் கீழ இறக்கறது, இதெல்லாம் சிரமம், இந்தச் சிரமமான வேலைங்களுக்குத்தான் அட்டாச்மென்ட் வந்தது.

இன்விசலைன்ங்கற அலைனர் பிராண்டு 1999ல மார்க்கெட்டுக்கு வந்தப்ப அட்டாச்மென்ட்னா எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி முட்டை வடிவத்துல, செவ்வக வடிவத்துல ஒட்டிட்டு இருந்தாங்க. 2010 வாக்குலதான் சாஃப்ட்வேரே ஒவ்வொரு பல்லோட வடிவத்தையும், அது போக வேண்டிய வழியையும் கணக்குப் போட்டு, ஒரு பக்கம் சரிவா வெட்டுன மாதிரி வடிவம் குடுக்க ஆரம்பிச்சுது. ஆப்டிமைஸ்டு அட்டாச்மென்ட்னு உங்க பிளான்ல போட்டிருந்தா அது இதான். டாக்டரே சைஸ், இடம் எல்லாம் முடிவு பண்ணி வெக்கறது கன்வென்ஷனல். ஆப்டிமைஸ்டுதான் ஒசத்தின்னு ஒரு பேச்சு உண்டு, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல, பல கேஸ்ல சரியான இடத்துல வெச்ச சாதா செவ்வகமே அதே வேலைய செய்யுது. வடிவத்த விட அது அலைனரோட சரியா பொருந்தி உக்காருதாங்கறதுதான் முக்கியம்னு நினைக்கறேன், இதையே கீழ திரும்பத் திரும்ப சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

உங்க பிளானை எப்படி படிக்கறது

உங்க பல்லு செட்டுக்கு செட் எப்படி நகரணும்னு சாஃப்ட்வேர் காட்டற 3டி வீடியோதான் பிளான், டாக்டர்கிட்ட அத அனுப்பச் சொல்லுங்க, இல்ல அங்கயே உக்காந்து நிதானமா பாருங்க. நிறைய பேர் முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் மட்டும் பாத்துட்டு சூப்பர்னு ஓகே சொல்லிடறாங்க. நடுவுலதான் விஷயமே இருக்கு.

பல்லுக்கு நம்பர் போட்டிருக்கும். நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெட்டை இலக்க முறை, வலது மேல் வரிசை 11ல இருந்து 18, இடது மேல் 21ல இருந்து 28, இடது கீழ் 31ல இருந்து, வலது கீழ் 41ல இருந்து. வலது இடதுங்கறது உங்க வலது இடது, ஸ்கிரீனைப் பாக்கும்போது மாறித் தெரியும். நடு முன்பல் 1ல முடியும், பக்கத்து முன்பல் 2, கோரைப்பல் 3, அதுக்குப் பின்னாடி சின்ன கடைவாய்ப்பல் ரெண்டும் 4, 5, அப்புறம் பெரிய கடைவாய்ப்பல்லுங்க. 13னா உங்க வலது மேல் கோரைப்பல். அமெரிக்க பாணில 1ல இருந்து 32 வரைக்கும் நேரா எண்ணிட்டு வந்திருந்தா குழம்பிக்காதீங்க, எந்த முறைன்னு கேட்டுக்கோங்க.

இப்ப எந்தெந்தப் பல்லுல மேடு இருக்குன்னு பாருங்க.

3, 4, 5 நம்பர்ல நெட்டுக்குத்தா ஒரு செவ்வகம், இல்ல ஒரு பக்கம் சரிவா இருக்கற மேடு இருந்தா, அனேகமா அது திருப்பறதுக்கு. நடு முன்பல்லை மேல இருந்து பாத்தா தட்டையா, ரெண்டு பக்கமும் மூலையோட இருக்கும், அலைனர் அந்த மூலையில அழுத்தியே திருப்பிடும், மேடு இல்லாமலே பாதி வேலை முடிஞ்சுடும். கோரைப்பல்லும் சின்ன கடைவாய்ப்பல்லும் மேல இருந்து பாத்தா கிட்டத்தட்ட உருண்டை. பிளாஸ்டிக் அதைச் சுத்தி உக்காந்துக்கும், திருப்பப் பாக்கும், வழுக்கும். கீழ் வரிசைல இருக்கற சின்ன கடைவாய்ப்பல்லு இதுல ரொம்ப மோசம். ஒட்டுற மேடுதான் அதுக்கு ஒரு மூலைய உண்டாக்கிக் குடுக்குது. அப்படியும் 40, 50 டிகிரி திரும்பின பல்லுன்னா ஒரே சுத்துல முழுசா வரும்னு எதிர்பாக்காதீங்க, ரெண்டாவது ஸ்கேன், ரெண்டாவது செட் அலைனர்னு போகும், அது டாக்டரோட தப்பும் இல்ல உங்க தப்பும் இல்ல.

2ஆம் நம்பர்ல, அதாவது மேல் வரிசை பக்கத்து முன்பல்லுல, படுக்கையா ஒரு மேடு இருந்தா, அந்தப் பல்லைக் கீழ இறக்கப் போறாங்க. அலைனர் ட்ரீட்மென்ட்ல அதிகமா பின்தங்கற பல்லு இதான், இத கொஞ்சம் விரிவா சொல்றேன். இந்தப் பல்லு சின்னது, கழுத்துப்பகுதியும் நுனியும் ஒரே அகலத்துல இருக்காது, பிளாஸ்டிக் பிடிச்சுக்க எதுவும் இல்ல. பக்கத்துல இருக்கற 1ம் 3ம் பெரிசு, அதுங்க பிளான்படி நகருது, இது மட்டும் அப்படியே நிக்குது. இன்னும் மோசமான நிலைமை, பக்கத்துல இடம் பத்தலேன்னா ரெண்டு பக்கமும் இறுக்கற பிளாஸ்டிக், ஊறவெச்ச புளியங்கொட்டைய ரெண்டு விரலுக்கு நடுவுல அமுக்குனா நழுவுற மாதிரி பல்லை ஈறு பக்கமா மேல தள்ளிடும், இறங்க வேண்டிய பல்லு ஏறிடும். அதனாலதான் அந்தப் படுக்கை மேட்டோட ஈறு பக்கத்து முகத்துல அலைனர் அழுத்தி பல்லைக் கீழ கொண்டுவர வேண்டியிருக்கு. அதே காரணத்துக்காகத்தான் டாக்டர் சில இடத்துல பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஸ்ட்ரிப் போட்டு 0.2, 0.3 மில்லிமீட்டர் தேய்க்கறாரு. அந்தத் தேய்ப்ப பயந்து தள்ளிப்போட்டா அட்டாச்மென்ட் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

ஆராய்ச்சியும் இதே பல்லு கதையத்தான் சொல்லுது. முன்பல்லுங்கள மட்டும் வெச்சு அமெரிக்காவுல பண்ணி 2009ல வந்த ஒரு ஆய்வுல, சாஃப்ட்வேர் காட்டுன நகர்வுல சராசரியா 41 சதவீதம்தான் வாய்ல நிஜமா நடந்திருந்துச்சு, எல்லாத்துலயும் கீழ இருந்தது பல்லை இறக்கற வேலை, 29.6 சதவீதம். 2020ல திரும்ப பாத்தப்ப சராசரி 50 சதவீதத்துக்கு வந்திருந்துச்சு. மெட்டீரியலும் மாறிடுச்சு, அட்டாச்மென்ட்டும் மாறிடுச்சு, அப்பவும் பாதிதான். வீடியோல ஓடறது பிளாஸ்டிக் எப்படி இருக்கப் போகுதுங்கறது, உங்க பல்லு அப்படியே போகும்னு அதுக்கு அர்த்தம் கிடையாது.

ஒரே பல்லுல ரெண்டு குட்டி மேடு, ஒண்ணு ஈறு பக்கம் ஒண்ணு நுனி பக்கம், இல்ல எதிர் எதிர் மூலையில இருந்தா அது வேரை நிமித்தறதுக்கு. ஒண்ணு இந்தப் பக்கம் தள்ளும், இன்னொண்ணு அந்தப் பக்கம் தள்ளும், ரெண்டும் சேந்து பல்லு சாயாம வேரோட வரும். பல் எடுத்துட்டு இடத்தை மூடற கேஸ்ல இடைவெளிக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பல்லுல இதையோ, நீளமான நெட்டுக்குத்து செவ்வகத்தையோ பாக்கலாம். இது சரியா வேலை செய்யலேன்னா இடைவெளி மூடிடும், ஆனா ரெண்டு பல்லும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கும், வெளிய இருந்து பாத்தா அழகா இருக்கும், எக்ஸ்ரேலதான் வேர் ரெண்டும் விரிஞ்சு நிக்கறது தெரியும்.

அப்புறம் 4, 5, 6ல படுக்கையா செவ்வகம், ஆனா வீடியோல அந்தப் பல்லு அசையவே இல்லேன்னா, எதுக்கு ஒட்டறீங்கன்னு கேக்கத் தோணும். அது பிடிமானத்துக்கு. மேல் பல்லு கீழ் பல்லை ரொம்ப மூடியிருக்கற கேஸ்ல கீழ் முன்பல்லுங்கள ஈறு பக்கம் அமுக்கணும், முன்னாடி அமுக்கறப்ப அலைனர் அதே வேகத்துல பின்னாடி சின்ன கடைவாய்ப்பல் பக்கம் தூக்கும். அங்க மேடு இருந்தாத்தான் அலைனர் கழண்டு எழாம நிக்கும், முன்னாடி அழுத்தம் இறங்கும். நகராத பல்லுல இருக்கற மேடுதானேன்னு இதை அலட்சியமா விட்டுடாதீங்க. கொக்கி மாட்டி ரப்பர் பேண்ட் போடற கேஸ்லயும் இதே கதை, ரப்பர் அலைனரை இழுக்கும்போது கழண்டு வராம பிடிச்சு வெக்கறது இதான்.

பவர் ரிட்ஜ்னு ஒண்ணு சொல்வாங்க, அது பல்லுல ஒட்டறது இல்ல, முன்பல்லோட ஈறு ஓரத்துல அலைனர்லயே ஒரு மடிப்பு, வேரை உள்பக்கமா கொண்டுபோறதுக்கு. அங்க உதடு உரசும், முதல் நாலஞ்சு நாள் எரிச்சலா இருக்கும், அவ்ளோதான்.

முன்பல்லுல மட்டும் வேணாம்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணம், இன்டர்வியூன்னு தேதி இருந்தா அத முதல்லயே சொல்லுங்க, மேடு ஒட்டறதை சில செட் தள்ளிப்போட முடியும், இல்ல சில பல்லுல உள்பக்கமா வெக்க முடியும். ஆனா பிளான்ல இருக்கறத சும்மா எடுத்துட்டு மத்ததெல்லாம் அப்படியே ஓட்டுங்கன்னா, அந்தப் பல்லு நகராது, மாசக்கணக்குல நேரம் போகும். அலைனரோட ஓரத்தை ஈறு வளைவுக்கு ஏத்த மாதிரி வெட்டாம நேரா, ஈறுக்கு மேல 2 மில்லிமீட்டர் ஏத்தி வெட்டுனா பிடிமானம் நல்லா கூடும், அதனால சில கம்பெனிங்க எங்களுக்கு அட்டாச்மென்ட் கம்மின்னு விளம்பரம் பண்றாங்க. பிடிமானம் வரைக்கும் அது சரி, ஆனா உருண்டைப் பல்லைத் திருப்ப அதால மூலை உண்டாக்க முடியாது. டாக்டரையே பாக்காம வீட்டுக்கே அலைனர் அனுப்பிட்டு இருந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் அமெரிக்காவுல அட்டாச்மென்ட்டே இல்லாமத்தான் பண்ணிட்டு இருந்தாங்க, 2023 டிசம்பர்ல கடைய மூடிட்டாங்க. மூடுனதுக்குக் காரணம் கடன்தான், ஆனா அந்த முறைல எடுத்துக்கக் கூடிய கேஸே சின்னச் சின்ன கேஸ்தான்.

ஒட்டற அன்னைக்கு என்ன நடக்கும், நீங்க எத கவனிக்கணும்

வலி கிடையாது, ஊசி கிடையாது. பல்லை சுத்தம் பண்ணி, காய வெச்சு, 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை மேடு வர்ற இடத்துல மட்டும் அரை நிமிஷத்துக்குள்ள வெச்சு கழுவுவாங்க. காஞ்சதும் அந்த இடம் சாக்பீஸ் தடவுன மாதிரி மங்கலா வெள்ளையாத் தெரியும், அப்பத்தான் பாண்டிங்னு சொல்ற ஒட்டுற பசை பிடிக்கும். மெல்லிசா டெம்ப்ளேட்னு ஒண்ணு வந்திருக்கும், பாக்க அலைனர் மாதிரியே இருக்கும், அதோட பள்ளத்துல பல்லு அடைக்கற அதே காம்போசிட்டை நிரப்பி, வாய்ல உக்கார வெச்சு, ப்ளூ லைட் அடிச்சு, டெம்ப்ளேட்டை உரிச்சு எடுத்துடுவாங்க.

இதுல ரெண்டு தப்பு நடக்கலாம். காம்போசிட் அதிகமா வெச்சா மேட்டைச் சுத்தி மெல்லிசா படலம் பரவி நிக்கும், கம்மியா வெச்சா மூலை உருண்டு, நடுவுல காத்துக்குமிழியோட வரும். ரெண்டுமே அலைனர் உக்கார்றத கெடுக்கும். அதனால எழுந்து வர்றதுக்கு முன்னாடி அந்த செட் அலைனரை அங்கயே போட்டுப் பாருங்க, கண்ணாடி கேளுங்க. நாக்கால தடவிப் பாருங்க, மேட்டோட மூலை தெளிவா தட்டணும், சுத்தி சொரசொரன்னு படலம் தட்டக் கூடாது. அலைனர் டக்குன்னு சத்தத்தோட உக்காரணும். எங்கயாவது தூக்கிட்டு நின்னா, போகப் போக உக்காந்துடும்னு சொன்னாலும் எந்த இடம்னு ஒரு தடவை கேட்டுட்டு வாங்க.

எச்சில் பட்டா ஒட்டாது, அதனால உதட்டை விரிக்கற பிளாஸ்டிக்கை மாட்டும்போது பேசாதீங்க, விழுங்கத் தோணுனா கைய தூக்குங்க. செராமிக் கேப் போட்ட பல்லு, பெரிய வெள்ளி அடைப்பு இருக்கற பல்லுன்னா சாதா ஆசிட் வேலைக்காகாது, வேற மாதிரி தயார் பண்ணணும், அப்படியும் அடிக்கடி விழும், உங்க வாய்ல கேப் எங்கெங்க இருக்குன்னு ஸ்கேன் அன்னைக்கே சொல்லிடுங்க.

முக்கியமா அந்த டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போடாம வெக்கச் சொல்லுங்க. மேடு விழுந்தா திரும்ப ஒட்ட அதான் வேணும். அது இல்லேன்னா அலைனரையே அச்சா வெச்சு ஒட்டுவாங்க, அலைனர் கனமானது, அதோட பள்ளமும் சில நேரம் மேட்டோட அச்சு அசல் வடிவத்துல இருக்காது, வேணும்னேதான் கொஞ்சம் மாத்தி அழுத்தம் வர்ற மாதிரி செஞ்சிருப்பாங்க, அதுல ஒட்டுனா சைஸ் மாறிடும்.

வீட்டுல எப்படி பாத்துக்கறது

தினம் ராத்திரி, அலைனர் போட்டதுக்கப்புறம், பாத்ரூம் கண்ணாடி முன்னாடி மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சு பாருங்க, நேரா அடிச்சா பளபளப்புல ஒண்ணும் தெரியாது. பல்லு நுனிக்கும் அலைனர் நுனிக்கும் நடுவுல வெளிச்சக்கோடு மாதிரி ஒரு இடைவெளி தெரியுதான்னு பாருங்க. புது செட் போட்ட முதல் ரெண்டு நாள் இருக்கலாம். செட் மாத்தற நாள் அன்னைக்கும் இருந்தா, அதுவும் 12லயோ 22லயோ இருந்தா, அடுத்த செட்டுக்குப் போகாதீங்க. மேட்டைச் சுத்தி ஒரு பக்கம் மட்டும் லேசா இடைவெளி இருக்கறது வேற, ஆப்டிமைஸ்டு வடிவத்துல அது சாதாரணம், அழுத்தற பக்கம் ஒட்டியிருக்கும், மத்த பக்கம் ஒட்டாது. பதற வேண்டியது பல்லு நுனில தெரியற இடைவெளிக்குத்தான், மேடு அதோட பள்ளத்துல இருந்து வழுக்கி, பள்ளத்தோட ஓரத்துல உக்காந்திருக்கறது தெரிஞ்சா அதுக்கும்தான்.

அப்படி இருந்தா செய்ய வேண்டியது, அதே செட்டை இன்னும் சில நாள் போடுங்க, சியூயின்னு குட்டி ரப்பர் உருளை குடுத்திருப்பாங்க, அந்தப் பல்லுல வெச்சு அஞ்சு பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை கடிச்சு பிடிங்க. மெல்லாதீங்க, கடிச்சு பிடிச்சு விடுங்க. மணிக்கணக்க நேர்மையா எண்ணுங்க, 22 மணி நேரம்னு சொன்னா சாப்பாடு, காபி, பல் தேய்ப்பு எல்லாம் சேத்து வெளிய இருக்க வேண்டியது ரெண்டே மணி நேரம். பிளாஸ்டிக்கோட விசை போட்ட முதல் நாள்லயே நிறைய குறைஞ்சுடும், நாலு மணி நேரம் கழட்டி வெச்சா பல்லு பின்வாங்கும், திரும்பப் போடறப்ப மேடு பள்ளத்துல சரியா விழாது, விழாததால தள்ளாது, தள்ளாததால அடுத்த செட்ல இன்னும் விலகும். பின்தங்கறது இப்படித்தான் ஆரம்பிக்குது, ஆரம்பத்துல பிடிச்சா ஒரு வாரத்துல சரியாகும், நாலு செட் தாண்டிட்டா திரும்ப ஸ்கேன்தான். சில கேஸ்ல பல்லுல முன்னாடி பின்னாடி ரெண்டு பட்டன் ஒட்டி, அலைனர் மேல ரப்பர் போட்டு இறக்குவாங்க, வேகமா வரும், பாக்கத்தான் கொஞ்சம் அசிங்கமா இருக்கும்.

கழட்டற விதம் ரொம்ப முக்கியம், மேடு பாதிக்கு மேல விழறது சாப்பிடறதுல இல்ல, கழட்டறதுலதான்னு தோணுது. முன்பல் ஓரத்துல நகத்த விட்டு வெளிப்பக்கமா இழுக்காதீங்க. கடைசி கடைவாய்ப்பல்லுக்கு உள்பக்கம், நாக்கு இருக்கற பக்கம், விரலைக் குடுத்து கொஞ்சம் தூக்குங்க, அடுத்த பக்கமும் அதே மாதிரி, ரெண்டு பக்கமும் விட்டதும் முன்னாடி தானா வரும். மேடு எல்லாம் பெரும்பாலும் வெளிப்பக்கம் இருக்கறதால உள்பக்கத்துல இருந்து தூக்குனா பள்ளம் மேட்டுல உரசாம வெளிய வரும். தினம் தப்பா இழுத்தா மேடு விழாட்டியும் அதோட மூலை தேஞ்சு உருண்டுடும், மூலை போனா பிடிமானமும் போச்சு. நகம் கட்டையா இருக்கறவங்க கொக்கி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டூல் கிடைக்குது, வாங்கிக்கோங்க.

மேடு விழுந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? அலைனர் போட்டா அந்தப் பள்ளம் காலியா, உள்ள எச்சில் நின்னு குமிழி மாதிரி தெரியும். நாக்குல தடவுனா பல்லு வழவழன்னு இருக்கும். விழுந்தத முழுங்கிட்டாலும் பயப்பட ஒண்ணுமில்ல. அலைனரைக் கழட்டி வெக்காதீங்க, அதே செட்டை போட்டுக்கிட்டே இருங்க, எந்தப் பல்லுன்னு நம்பரோட கிளினிக்குக்கு மெசேஜ் போடுங்க. கோரைப்பல்லுல திருப்பற மேடு, 2ல இறக்கற மேடு, பல் எடுத்த இடத்துக்குப் பக்கத்துல இருக்கறதுன்னா சீக்கிரம் ஒட்டணும், ஒட்டற வரைக்கும் அடுத்த செட்டுக்குப் போகலாமான்னு கேக்காம போகாதீங்க. பின்னாடி பிடிமானத்துக்கு இருக்கற நாலஞ்சுல ஒண்ணு விழுந்தா அலைனர் ஆடாம உக்காந்தா பெரும்பாலும் அடுத்த விசிட் வரைக்கும் பொறுக்கலாம், அதையும் டாக்டர்தான் சொல்லணும். ஃபெவிக்விக் எடுத்து வீட்டுலயே ஒட்டறது கூடவே கூடாது.

கறை விஷயம். மேடு காம்போசிட், மஞ்சள் அதுக்குப் பிடிக்கும். சாம்பார், மீன் குழம்பு, பிரியாணி, அப்புறம் நாலு வேளை டீ, சில மாசத்துல மேடு மட்டும் மஞ்சப்புள்ளியா தெரியறதுக்கு இதான் காரணம். சாப்பிட்டதும் வாய் கொப்பளிச்சு, முடிஞ்சா தேச்சுட்டு அலைனரைப் போடுங்க, குழம்பு வாயோட போட்டா அலைனரும் மஞ்சளாகும். சூடான காபிய அலைனரோட குடிச்சா பிளாஸ்டிக் வளைஞ்சுடும், அதே காரணத்துக்காக சுடுதண்ணில கழுவக் கூடாது. மஞ்சள் ஏறுன மேட்டை பாலிஷ் பண்ணித் தரச் சொன்னா மறுத்துடுவாங்க, அது நியாயம்தான், பாலிஷ் பண்ணா வடிவம் போயிடும்.

பிரஷ் பண்றப்ப மேட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற சின்ன சந்துதான் கவனிக்க வேண்டிய இடம். அங்க அழுக்கு நின்னா, அலைனர் மேல மூடியிருக்கறதால எச்சிலும் வந்து கழுவாது, ட்ரீட்மென்ட் முடிஞ்சு மேட்டை எடுக்கறப்ப அதைச் சுத்தி சாக்பீஸ் வெள்ளைல ஒரு தழும்பு தெரியும், அது பல்லு அரிக்க ஆரம்பிச்ச அடையாளம், லேசுல போகாது. ஃபுளோரைடு பேஸ்ட், சாஃப்ட் பிரஷ், ஈறு பக்கம் சாய்ச்சு தேய்ங்க. கூல்டிரிங்க குடிச்ச வாயோட அலைனர் போடறது இதுல ரொம்ப மோசமான பழக்கம்.

கன்னத்துல உரசி புண்ணு வந்தா ஆர்த்தோ வேக்ஸ் கொஞ்சம் உருட்டி மேட்டு மேல வெச்சுக்கலாம், அலைனர் போட்டிருக்கறப்ப தேவைப்படாது, கழட்டி சாப்பிடறப்பத்தான் உதடு மாட்டும். ஒரு வாரத்துல பழகிடும்.

கடைசி செட் முடிஞ்சதும் உடனே எல்லா மேட்டையும் எடுத்துடச் சொல்லி நிக்காதீங்க. ரிஃபைன்மென்ட்னு இன்னொரு சுத்து வேணுமான்னு முதல்ல முடிவாகட்டும், சில மேடு அதுக்கு அப்படியே பயன்படலாம், சிலது எடுத்துட்டு புது இடத்துல வரும். எல்லாம் முடிஞ்சு எடுக்கறப்ப மேட்டை எடுத்து, பாலிஷ் பண்ணி, அதுக்கப்புறம் எடுத்த ஸ்கேன்லதான் ரிட்டெய்னர் (பல்லு பழைய இடத்துக்குத் திரும்பாம பிடிச்சு வெக்கறது) செய்யணும், மேட்டோட எடுத்த ஸ்கேன்ல செஞ்ச ரிட்டெய்னர்ல அங்கங்க காலிப் பள்ளம் நிக்கும். எடுத்த அன்னைக்கு நாக்கால ஒவ்வொரு பல்லையும் தடவிப் பாருங்க, எங்கயாவது சொரசொரன்னு மிச்சம் தட்டுனா நாற்காலிய விட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.